படுவான் வாய் திறக்கும் நேரம்

நான் கட்டிய வீட்டில் மேற்குப் பக்கம் யன்னல் கிடையாது. மற்ற மூன்று பக்கமும் உண்டு. மேற்குச் சுவர் மட்டும் நிலத்திலிருந்து கூரை வரை ஒரே பூச்சாக நிற்கிறது. அந்தச் சுவருக்கு அப்பால் சில தென்னைகள், அவற்றுக்கு அப்பால் வாவி.

சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது மேசனால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, இந்தப் பக்கத்தால வாவிக் காத்து சும்மா அள்ளிக்கொண்டு வரும். ஆராவது இத அடைப்பாங்களா? கட்டினவன் ஆரெண்டு கேட்டு ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கும்."

பின்னேர வெயில் நேரே உள்ளே அடிக்கும், புத்தகங்கள் பழுத்துப்போகும் என்று நான் காரணங்களை அடுக்கினேன். கல்லடுக்கின் மேல் உட்கார்ந்திருந்த அம்மா குறுக்கிட்டாள்.

"விடுங்க மேசன். அவன் சின்னதில பயந்த புள்ள."

மேசன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாற்பதை நெருங்குகிற, மூக்குக்கண்ணாடி போட்ட, முன்மயிர் கொட்டிய பிள்ளை. பிறகு கல்லை வைத்துப் பூசினார்.

எங்கள் வாவிக்கு இரண்டு கரைகள். பொழுது எழுகிற பக்கம் எழுவான்கரை. படுகிற பக்கம் படுவான்கரை. நாங்கள் இருப்பது எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில். இந்த இரண்டு சொற்களைப் பற்றியும் எனக்கு இப்போது நிறையத் தெரியும். பொழுது விழுவதைப் படுதல் என்று சொல்வது பழைய வழக்கு. மற்ற இடங்களில் தேய்ந்துபோனது, எங்கள் பக்கத்தில் ஒரு நிலப்பரப்பின் பெயராகவே நிலைத்துவிட்டது. அகராதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'படு' என்ற வினையின் பொருள்களை ஒருகாலம் தொகுத்துப் பார்த்திருக்கிறேன். கிடத்தல், மறைதல், அகப்படுதல், துன்புறுதல், சாதல் என்று அது நீண்டுகொண்டே போகிறது. சொல்லின் வேரைத் தோண்டிவிட்டால் பயம் பட்டுப்போகும் என்று நினைத்தேன். படவில்லை.

வேலை போக எஞ்சிய நேரத்தில் எங்கள் பகுதியின் துறைகளையும் குளங்களையும் கோயில்களையும் பற்றிக் குறித்துவைக்கிறவன் நான். எந்தத் துறையில் எப்போது பாலம் வந்தது, எந்தக் குளக்கட்டு எந்த வெள்ளத்தில் உடைந்தது என்று கேட்டால் ஆண்டும் மாதமும் சொல்வேன். இதற்காகப் படுவான்கரையில் வவுணதீவுப் பக்கத்து வட்டைகளில் நெடுகத் திரிந்திருக்கிறேன். பரந்து கிடக்கும் அந்த வயல்வெளிகளில் என்னைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததில்லை. தயிர் ஊற்றிச் சோறு போடாமல் விட்டவர்கள் குறைவு. ஆனாலும் நிழல் கிழக்கே நீளத் தொடங்கியதும் என் கை மோட்டார்சைக்கிள் சாவியைத் தேடும். பேசிக்கொண்டிருப்பவர் கதையின் நடுவில் இருப்பார், நான் எழும்பிவிடுவேன். ஏறாவூரில் துணிக்கடை வைத்திருக்கும் என் முஸ்லிம் நண்பர் சில வேளைகளில் கூட வருவார். அவருக்கு இது தீராத பகிடி.

"என்ன மச்சான் இது? நோம்பு புடிக்கிறது நாங்க. பொழுதுபட்டாப் பதறுறது நீ."

அவருக்கும் நான் காரணம் சொன்னதில்லை. சொன்னால், ஒரு பெயரைச் சொல்ல வேண்டும்.

அந்தப் பெயரை எனக்குத் தந்தவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அப்பா வெளிநாட்டில் வேலைக்குப் போயிருந்த காலம் அது. மாமா எங்களோடுதான் இருந்தார். ஏ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவருக்கு வீட்டில் கொடுக்கப்பட்டிருந்த ஒரே பொறுப்பு, எனக்குப் பின்னேரச் சோறு தீத்துவது. நான் இலேசில் வாய் திறக்கிற பிள்ளை அல்ல. மாமா கோப்பையோடு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்வேலிக்குப் போவார். அங்கிருந்து வாவியும் அதன் அக்கரையும் தெரியும்.

"அந்தா பார், படுவான். நீட்டி நிமிந்து படுத்துக் கிடக்கான். பகல் முழுக்க நித்திரை. இப்ப பார், வாயத் திறப்பான். பொழுது நேரே அவன்ட வாய்க்குள்ள."

பொழுது உண்மையாகவே அக்கரையின் கரிய கோட்டுக்குள் இறங்கும். அந்தக் கோடு எனக்குத் தலை, நெஞ்சு, வயிறு, கால் என்று தெரியும். செக்கல் வானம் அவன் துப்பிய வெற்றிலை எச்சில். மேற்கிலிருந்து சூடாக வீசும் கச்சான் காற்று அவன் விடும் மூச்சு.

"பொழுத விழுங்கியும் அவனுக்குப் பசி அடங்காட்டி என்ன செய்வான் தெரியுமா? சோறு தின்னாத புள்ளையள் எந்த வீட்டில இரிக்குதெண்டு பாப்பான்."

நான் வாயைத் திறப்பேன். மாமா வெற்றியோடு உருண்டையை உள்ளே தள்ளுவார். அம்மா குசினியிலிருந்து, "புள்ளையப் பயங்காட்டாத தம்பி, ராவையில புலம்புறான்" என்பாள். "பயமில்ல அக்கா, பசிக்கு மருந்து" என்பார் மாமா. எனக்கும் அப்போது அது பாதி விளையாட்டுத்தான். படுவான் அக்கரையில் கிடந்தான். நான் மாமாவின் இடுப்பில் இருந்தேன்.

ஒரு காலை மாமா வீட்டில் இல்லை. அவருடைய சைக்கிள் துறையடித் தேத்தண்ணிக் கடையில் சாத்திக் கிடந்ததாகச் சொல்லி யாரோ கொண்டுவந்து விட்டுப் போனார்கள். பக்கத்து வளவில் இருந்த பெரியம்மா வேலிக்கு ஓடிவந்தார். அம்மா வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு, மிக மெல்லிய குரலில் சொன்னாள்.

"தம்பி படுவான்கரைக்குப் போயிற்றாங்கா."

பெரியவர்களுக்கு அந்த வசனத்தின் பொருள் ஒன்றே ஒன்றுதான். அக்கரை அப்போது இயக்கத்தின் கையில் இருந்தது. இக்கரையில் இராணுவ முகாம்கள். இளம் பிள்ளைகள் ஒருவர் இருவராக வாவியைக் கடந்துகொண்டிருந்தார்கள். எனக்கும் அதன் பொருள் ஒன்றேதான். மாமாவைப் படுவான் எடுத்துவிட்டான்.

பெரியம்மா வாய்விட்டு அழத் தொடங்கினார். அம்மா அவருடைய வாயைப் பொத்தினாள். "சத்தம் போடாதகா. கேக்கும்."

யாருக்குக் கேட்கும் என்று அவள் சொல்லவில்லை. சந்தியில் இருந்த முகாமை அவள் நினைத்திருக்க வேண்டும். நான் பின்வேலிப் பக்கம் பார்த்தேன். அவன் நீட்டி நிமிர்ந்து கிடந்தான். அதன் பிறகு வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். மாமாவின் பெயர் வாயில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். கேட்பவர்களுக்குக் கொழும்பில் வேலைக்குப் போயிருக்கிறான் என்றார்கள். படுவான் எடுத்தவர்களைப் பற்றி இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று நானும் கற்றுக்கொண்டேன். ஒரே ஒரு நம்பிக்கை எனக்கு இருந்தது. பொழுதை அவன் ஒவ்வொரு நாளும் விழுங்குகிறான்; அது மறுநாள் கடல் பக்கத்தால் வந்துவிடுகிறது. எனவே காலையில் எழும்பியதும் முன்வாசலில் போய் நின்று கடற்கரை ஒழுங்கையைப் பார்ப்பேன். மாமா அந்த வழியால் நடந்து வருவார் என்று எதிர்பார்த்தேன். எதற்கு அங்கே நிற்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் பெரியம்மா வேலிக்கு அப்பால் நின்று சொன்னது என் காதில் விழுந்தது.

"நீ தனியப் போய் அழுதா அவன் அசைய மாட்டான்கா. புள்ளையக் கொண்டு போ. இவன அவன்ட கையில குடுத்துப் பாரு. மறுகா அவன் வராம இரிக்க மாட்டான்."

என்னைக் கண்டால் மாமாவின் மனம் இளகும் என்பது அவர் கருத்து. நான் கேட்டதோ இரண்டு சொற்களைத்தான்: இவனக் குடுத்து. என்னைக் கொடுத்தால் மாமா வருவார்.

நான் அழவில்லை. இதை எத்தனை தடவை யோசித்துப் பார்த்தாலும் இப்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது. அம்மா யோசித்துத்தான் செய்வாள் என்று நினைத்தேனோ, மாமா வளர்ந்தவர், சைக்கிள் ஓடத் தெரிந்தவர், வீட்டுக்குக் கூடப் பயன்படுகிறவர் என்று கணக்குப் பார்த்தேனோ தெரியாது. போகிற காலையில் அம்மா எனக்கு முழுக வார்த்தாள். புதுச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வைத்து, கன்னத்தில் கரும்பொட்டு இட்டாள். இப்படிக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்த ஒரு கடாவைக் கோயில் வாசலில் பார்த்திருக்கிறேன். அது தழை தின்றுகொண்டிருந்தது. நான் பிட்டுத் தின்றேன்.

அது எந்த நாள் என்பதைக் கண்டுபிடிக்க நான் மிகவும் முயன்றிருக்கிறேன். எனக்கு ஆறு வயது. ஆகவே ஆண்டு தெரியும். வைகாசியில் மட்டும் திறக்கும் கண்ணகி அம்மன் கோயில் கதவு அடைத்தாயிற்று, ஆனால் ஒழுங்கையில் கட்டிய தோரணத்தில் வேப்பிலைகள் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. கச்சான் வீசியது. ஆகவே வைகாசிக் கடைசி, அல்லது ஆனி. அதற்கு மேல் போக முடியவில்லை. அம்மாவிடம் கேட்கலாம். ஊரின் எல்லா நாட்களையும் யார் யாரிடமோ கேட்டு எழுதிய நான் இதை மட்டும் அம்மாவிடம் கேட்டதில்லை.

துறையில் அப்போது பாலம் இல்லை. வள்ளங்களைச் சேர்த்து மேலே பலகை அடித்த மிதவை ஒன்று ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி இறக்கும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பாதை என்றே பெயர். துறையடிச் சோதனைச் சாவடியில் அம்மாவின் பையைக் கவிழ்த்தார்கள். மாமாவுக்கென்று செய்த எள்ளுருண்டைகளை ஒரு சிப்பாய் ஒவ்வொன்றாகப் பிட்டுப் பார்த்தான். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, "வயல் குத்தகைக்காரர் வீட்ட" என்றாள் அம்மா. எங்களுக்கு வயலே கிடையாது. சிப்பாய் என் கன்னத்துப் பொட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான்.

பாதை நகர நகரப் படுவான் கலைந்துபோனான். தலை என்று நான் நினைத்திருந்தது ஒரு மருதமரக் கூட்டம். நெஞ்சும் வயிறும் கரைச் சேற்றில் வளர்ந்த கண்ணாப் பற்றைகள். இதனால் பயம் குறைந்திருக்க வேண்டும். கூடிவிட்டது. எங்கே கிடக்கிறான் என்று தெரிந்திருந்தவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.

அக்கரையில் வெகுதூரம் நடந்து, இயக்கத்தவர் வந்துபோகும் ஒரு வீட்டை அடைந்தோம். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்த வீட்டுக்காரர், "சொல்லி அனுப்பியிரிக்கம். இருங்க, வருவார்" என்றார். மாமரத்தின் கீழே உட்கார்ந்தோம். தண்ணீர் தந்தார்கள். மர நிழல் எங்களை விட்டுவிட்டு மெல்லக் கிழக்கே நகர்ந்தது. நான் அண்ணாந்து பொழுது எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

அது சாய்ந்த பிறகுதான் மாமா வந்தார். பொழுதுக்கு முன்னால், வரம்பின் மேலே, முகம் தெரியாத கறுப்பு உருவமாக வந்து, கிட்ட வந்ததும் மாமா ஆனார். தலைமயிரைக் குறுக வெட்டியிருந்தார்கள். மெலிந்திருந்தார். அவரோடு வந்தவர் தோளில் தொங்கிய துவக்கோடு வாசல் கப்பில் சாய்ந்து நின்றார். அவருக்கும் மாமாவைவிட இரண்டொரு வயதுதான் கூட இருந்திருக்கும். அன்று எனக்கு அவர் மிகவும் பெரியவர்.

"என்ன மனே, சோறு தின்னுறயா?" என்று கேட்டார் மாமா. நான் தலையாட்டினேன். அவருடைய கை, கால், காது எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன.

"வாடா தம்பி, போவம்" என்றாள் அம்மா. வேறு ஒன்றும் சொல்லத் தெரியாதவளைப் போல அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "சோதனை மறுமொழி வந்திற்று. பாசாகியிரிக்காய். வா, போவம்."

எங்களுக்கு முன்னால் உட்கார்ந்த மாமா நிலத்தைப் பார்த்தார். "இனி வர ஏலாது அக்கா."

அப்போது அம்மா பெரியம்மா சொன்னபடி செய்தாள். என்னைத் தூக்கி மாமாவின் மடியில் வைத்தாள்.

கொடுத்தாயிற்று என்று நான் நினைத்தேன். மாமா என்னை இறுக்கிக்கொண்டார். அவருடைய நெஞ்சு அடிப்பது என் முதுகில் கேட்டது. அவருடைய தாடை என் உச்சியில் அழுந்தியது. எண்ணெய்த் தலையில் ஈரம் பட்டது. பிறகு தலையை நிமிர்த்தி வாசலில் நின்றவரைப் பார்த்து, "அண்ணன், ஒருக்கா வீட்ட போயிற்று…" என்று தொடங்கினார்.

பெரியம்மா சரியாகத்தான் சொல்லியிருந்தார். மாமா அசைந்துவிட்டார். அந்த வசனம் முடிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதை முடிக்க நான் விடவில்லை. கொடுத்த பிறகும் மடியில் இருப்பது முறையல்ல என்று எனக்குப் பட்டது. மாமாவின் கையை விலக்கி இறங்கினேன். முற்றத்தைத் தாண்டி, துவக்கோடு நின்றவருக்கு முன்னால் போய் நின்றேன். படுவானை எங்கும் காணவில்லை. ஆகவே இவர்தான் அவனுடைய ஆளாக இருக்க வேண்டும்.

"நான் இஞ்ச நிக்கிறன். மாமாவ விடுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் சிரித்தார். நின்றவர் சிரிக்கவில்லை. குந்தியிருந்து என் முகத்தைப் பார்த்தார். கையை என் தலையில் வைத்தார், இதமான கைதான்.

"எத்தின வயசு?"

"ஆறு."

"வளரட்டும்" என்றார் அவர்.

அன்பாகச் சொன்னார். பெரியவனாகி வா என்று கோயிலில் பூசை செய்கிறவர் விபூதி பூசும்போது சொல்வதில்லையா, அந்த மாதிரி. ஆனால் அம்மா எழும்பிய வேகத்தில் தண்ணீர்ச் செம்பு உருண்டது. என்னைப் பிடரியில் பிடித்து இழுத்து, இடுப்பில் ஏற்றி, வாயில் ஓர் அடி போட்டாள். அவள் என்னை அடித்தது அன்று ஒரு நாள்தான்.

குந்தியிருந்தவர் எழும்பினார். மாமாவும் எழும்பி எங்களுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். அவருடைய முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கழுத்தைத் திருப்பாமலே சொன்னார்.

"கெதியாப் போங்கக்கா. நான் நிக்கிறன்."

அம்மா செருப்பைத் தேடவில்லை. எள்ளுருண்டைப் பையை எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. வந்த தூரமெல்லாம் என்னை இறக்காமல் வெறுங்காலோடு நடந்தாள்.

மாமா அதன் பிறகு வரவில்லை. அவரைப் பற்றிய சேதியும் வரவில்லை. இன்ன இடத்தில், இன்ன நாளில் என்று சொல்ல யாரும் இல்லை. திதி தெரியாததால் அம்மா ஒவ்வொரு அமாவாசையிலும் ஓர் இலையில் சோறு படைத்துக் காகத்துக்கு வைக்கிறாள். இந்தப் பகுதியின் நாட்களையெல்லாம் தேடிச் சேர்த்த என்னால் அவளுக்கு வேண்டிய ஒரே ஒரு நாளைத் தேடிக் கொடுக்க முடியவில்லை.

வீடு கட்டி முடிந்து குடிவந்த பிறகு நான் ஒன்றைக் கவனித்தேன். பின்னேரமானால் அம்மா பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவாள். வீட்டைச் சுற்றிப் போய், யன்னல் இல்லாத அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, வாவியைப் பார்த்தபடி இருப்பாள். இருட்டிய பிறகுதான் உள்ளே வருவாள். காற்றுக்காக இருக்கிறாள் என்று நான் என் மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்று, மாமாவை விட்டுவிட்டு நாங்கள் துறைக்கு வந்தபோது கடைசிப் பாதை புறப்படும் நேரம். அம்மா அதில் ஏறி மேற்கே முதுகைக் காட்டி நின்றாள். அவள் தோளுக்கு மேலால் எனக்கு அக்கரை தெரிந்தது. விலக விலக மரங்களும் பற்றைகளும் ஒன்றுசேர்ந்து, தலை வந்தது, நெஞ்சு வந்தது, வயிறு வந்தது. படுவான் பழையபடி நீட்டி நிமிர்ந்து கிடந்தான். வாய் திறந்தது. பொழுது அதற்குள் இறங்கத் தொடங்கியது.

"அம்மா, மாமாவ விட்டாங்களா?" என்று கேட்டேன்.

அம்மா என்னை இன்னும் இறுக்கினாள். அவளுடைய காப்பு என் தொடையில் பதிந்து வலித்தது. கோபம் தீரவில்லைபோலும் என்று எண்ணிக்கொண்டேன். எனக்குப் பெரிய ஏமாற்றம். அவ்வளவு தூரம் போயும் காரியம் நடக்கவில்லை. மாமாவை அவர்கள் விடவில்லை, என்னையும் எடுக்கவில்லை; அன்று அங்கே ஆளுக்கு ஆள் மாற்று எதுவும் நடக்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.